ஏழாவது கம்பம்

ஓவியத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. படம் நேராகத்தானே மாட்டியிருக்கிறது, தலை எதற்குச் சாய வேண்டும்? ஆனால் அன்று காலை பதினொரு மணிக்கு மாமா சாய்த்தார். துப்பறிபவர் சாய்த்தால் உதவியாளனும் சாய்க்க வேண்டும் என்பதால் நானும் சாய்த்தேன். கழுத்து வலித்ததே தவிர கலை புரியவில்லை.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தொலைந்ததைத் தேடித் தருவது அவர் தொழில். பார்சல் கிடங்கில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒரு நாள் பாதி வேலையில் கையுறையைக் கழற்றி ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்ட என்னை, அக்கா அவர் தலையில் கட்டினாள். அன்றிலிருந்து அவர் என்னிடம் அதிகம் சொல்லும் வாக்கியம், "வாயை மூடு மாப்ள."

கேலரியின் வெள்ளைச் சுவரில் வரிசையாக ஏழு படங்கள். ஏழிலும் ஒரே சமாசாரம். கீழே கும்மிருட்டில் ஒரு தெரு, அதில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்குக் கம்பம், மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு மூன்று கடைகள். கம்பத்தின் அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண். படத்தின் குறுக்கே தடித்த கறுப்புப் பட்டை. பட்டைக்கு மேலே பளீரென்று நீல வானம், வெள்ளை மேகம். கீழே இரவு, மேலே பகல். தொடருக்குப் பெயர் 'பகலுக்குள் இரவு'. வரைந்த ஓவியர் நான்கு மாதத்துக்கு முன்பு இறந்துவிட்டார். அதற்குப் பிறகு படங்களுக்கு ஏக மவுசு. இப்போது அவரைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

எல்லோரும் என்பதில் ஒருவர் சேர்த்தி இல்லை. படங்களுக்குச் சட்டம் போட்ட ஃபிரேம்காரர். அவர் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஏழு படங்களையும் மொத்தமாக வாங்க வந்த மியூசியத்து ஆள், ஏழாவதை மட்டும் சுரண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பெயின்ட் பூசி மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். ஓவியர் செத்தே நான்கு மாதம். ஆக, படம் போலி. அது கேலரியை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை, போன மாதம், ஃபிரேம் போட. ஆகவே அசலை அமுக்கிக்கொண்டு போலியைத் திருப்பிக் கொடுத்தவர் ஃபிரேம்காரர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி உள்ளே தள்ளப் போகிறார்கள்.

அவர் மனைவி காலையில் எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "அஞ்சு மணிக்குள்ள ஏதாவது செய்யுங்க சார். உள்ள போனா அவர் வெளிய வர்றதுக்குள்ள கடையும் போயிடும், மனுஷனும் போயிடுவார்" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டாள். அழவில்லை. அதனாலேயே மாமா கேஸை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"இது சர்ரியலிசம்" என்றார் விமர்சகர். படங்களைப் பற்றிக் கனமான ஒரு கேட்டலாக்கை எழுதியவர். நரைத்த குறுந்தாடி, விரல் நுனியெல்லாம் சுத்தமோ சுத்தம். "கனவும் நனவும் ஒரே சட்டத்துக்குள் கைகுலுக்கிக் கொள்கின்றன. இந்தக் கறுப்புப் பட்டை, நினைவுக்கும் மறதிக்கும் இடையிலான எல்லைக்கோடு."

அவர் பேசுவதே அச்சடித்த மாதிரிதான் இருந்தது.

"மூணாவது படத்துல ஒருத்தர் ஷேவிங் பண்ணிக்கிட்டிருக்காரே சார், நட்ட நடு ராத்திரியில?" என்றேன். "ரெண்டாவதுல தபால்காரர் நிக்கிறாரு. நாலாவதுல ஒரு பொண்ணு ஸ்கூல் பையோட போகுது."

"அவர்கள் உறக்கத்தில் நடப்பவர்கள்."

"தூக்கத்துல ஷேவிங்கா? கழுத்து ஜாக்கிரதை."

"வாயை மூடு மாப்ள" என்றார் மாமா.

இரவில் வேலை பார்த்தவனுக்கு இரவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கக் கூடாது. நள்ளிரவுக்குமேல் மனிதர்களின் முகம் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். இந்தப் படங்களில் இருந்தவர்கள் தலை வாரியிருந்தார்கள். தபால்காரர் குளித்திருந்தார் என்று சத்தியம் செய்வேன். ஆனால் கலையில் என் சத்தியம் செல்லாது.

ஏழாவது படத்தில் ஆளே இல்லை. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. ஏழாம் எண் போட்ட கம்பம் எரிந்தது. ஓரத்தில் தாழ்வாக ஒரு முழு நிலா, சுற்றிலும் புகைபோல ஒளிவட்டத்துடன்.

"நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஓரத்தில் சிறிதாக எட்டிப் பார்த்த நிலா, இதில் முழுமை பெறுகிறது" என்றார் விமர்சகர். "ஏழு கம்பங்கள், வாழ்வின் ஏழு நிலைகள். இது போலிதான். ஆனால் அசலை அணு அணுவாக நகலெடுத்திருக்கிறான், பாவி. கேட்டலாக்கில் அசலின் போட்டோ இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள்."

பார்த்தோம். அதே ஷட்டர், அதே நிலா.

"இந்தப் போட்டோ எப்போ எடுத்தது?" என்று மாமா கேட்டார்.

"ஃபிரேமுக்கு அனுப்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி" என்றார் கேலரியை நடத்தும் அம்மாள். கழுத்தில் கண்ணாடி தொங்க, கையில் போன் அதிர, ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காதவர். "நானே பக்கத்துல நின்னு எடுக்க வெச்சேன். அது அசல். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டு எழுதித் தர முடியுமா? கேஸுக்கு உதவும்."

சந்தோஷமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். விமர்சகர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், கீழே இரண்டு கோடு இழுத்து.

"கடைசியா ஒண்ணு. இந்தத் தெரு எங்க இருக்கு?"

விமர்சகர் பரிதாபமாகச் சிரித்தார். "தெருவா? அது அவருடைய ஆழ்மனத்தில் இருந்தது."

"அங்க எந்த பஸ் போகும் சார்?" என்றேன்.

மாமா இந்தத் தடவை வாயை மூடச் சொல்லவில்லை. காலை மிதித்தார்.

---

ஃபிரேம் கடைக்குப் போன பஸ், விலாசத்தில் இருந்த முனையில் எங்களை இறக்கிவிட்டது. உச்சி வெயில். நீளமான காலி மனை ஒன்றைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எதிரே கும்மிருட்டாக ஒரு தெரு. வரிசையாகக் கம்பங்கள், எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் கடைகள். அதற்கு மேல் தடித்த கறுப்புப் பட்டை. பட்டைக்கு மேலே பளீரென்று நீல வானம், வெள்ளை மேகம்.

"மாமா, நான் தூக்கத்துல நடக்கிறேனா?"

"நடக்கல மாப்ள. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற."

அது ஒரு மேம்பாலம். அகலமான பாலத்தைத் தெருவின் தலைமேலேயே கட்டிவிட்டு, வெளிச்சம் செத்துப்போன கடைகளுக்குப் பரிகாரமாக நாள் முழுக்க எரியும் விளக்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் நின்று பார்ப்பவன் கண்ணுக்குப் பாலத்தடி முழு இரவு. விளக்கடியில் ஒருவர் முகத்தில் நுரையோடு ஷேவிங்குக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நினைவுக்கும் மறதிக்கும் இடையிலான எல்லைக்கோட்டின்மேல் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கனமான புத்தகம் போட்டு விளக்கம் சொன்ன கனவுக்கு பஸ் வசதியே இருந்திருக்கிறது.

நான்காவது கம்பத்துக்குப் பின்னால் ஃபிரேம் கடை. ஃபிரேம்காரரின் மனைவி மூலை வெட்டிய கட்டைகளுக்குப் பசை தடவி இறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"பசை காஞ்சிடும் சார், நின்னுக்கிட்டே பேசுங்க."

"ஓவியர் இங்கதான் வரைஞ்சாராம்மா?"

"வேற எங்க? நீங்க இப்போ வந்தீங்களே, அந்த வெயில்ல ஸ்டூலைப் போட்டு உக்காருவார். காலையில பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும். இந்தக் கோடியிலிருந்து ஆரம்பிச்சு, ஒரு கம்பத்துக்கு எதிர்ல அஞ்சாறு மாசம். முடிஞ்சா அடுத்த கம்பம்."

"கம்பத்தோட நம்பர்?"

"முனிசிபாலிட்டிக்காரன் எழுதினது. அதையும் விடாம வரைவார். அந்த மனுஷனுக்குக் கண்ணு முன்னாடி இல்லாத எதுவும் வராது சார். ஒரு நாள் வாசல்ல இருந்த வாளியை உள்ள எடுத்து வெச்சிட்டேன். அங்கிருந்தே கத்துறார், 'வாளியை இருந்த இடத்துல வைம்மா, பாதிதான் வரைஞ்சிருக்கேன்'னு. தபால்காரரை மூணு நாள் நிக்க வெச்சார். இந்தப் பக்கத்துக்கே கடுதாசி லேட்டு."

"கனவுல வந்ததைத்தான் வரைஞ்சார்னு புஸ்தகத்துல போட்டிருக்கே?" என்றேன்.

"இதையே முன்னாடி ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க, அதை அவர்கிட்டயே காட்டினோம். 'வெயில்ல உக்காந்து நிழலைப் பார்த்தா இருட்டாத்தான் தெரியும், இதுக்கு எதுக்கு இவ்வளவு பக்கம்'னார். கேலரியில அப்படிச் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்களாம்."

"அந்த ஏழாவது படம் வந்தப்போ உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் மாமா.

அவள் கை முதல் தடவையாக நின்றது.

"பிரிச்சுப் பார்த்ததுமே 'இது நம்ம தெரு இல்லடி'ன்னார். கேலரிக்கு போன் போட்டார். 'கட்டை அறுக்கிற வேலையை மட்டும் பாருங்க'ன்னு அந்தம்மா வெச்சிட்டாங்க. என் காதால கேட்டேன். அதைச் சொன்னா, புருஷனுக்குப் பெண்டாட்டி சாட்சியான்னு ஸ்டேஷன்ல சிரிக்கிறாங்க. நீங்களும் சிரிப்பீங்கன்னுதான் காலையில சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஃபிரேம் கடையிலிருந்து பின்னால் நகர்ந்து தெரு நடுவுக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறது.

"யோவ்! கண்ணாடியைப் பார்த்து நகருய்யா! அதை எதுக்கு வெச்சிருக்காங்க, அலங்காரத்துக்கா?"

ஒரு தள்ளுவண்டிக்காரர் என் முழங்காலுக்கு அரையடி முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தார். அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். தெரு வளையும் மூலையில், எதிரே வரும் வண்டி தெரிவதற்காக ஒரு கம்பியில் வட்டமான குவிந்த கண்ணாடி. திறந்தவெளி வானத்தைப் பிடித்து, இருட்டில் வெள்ளை வெளேரென்று மிதந்தது.

"மாமா, நிலா!"

"நிலா இல்ல மாப்ள. முனிசிபாலிட்டி."

அவர் செல்போனில் அதைப் படம் பிடித்தார். பிறகு தெருவின் ஒரு கோடிக்குப் போய், ஒவ்வொரு கம்பத்தையும் கையால் தொட்டுக்கொண்டே மறு கோடி வரைக்கும் நடந்தார். அங்கே பாலம் தரையில் இறங்கி, தெரு ஒரு மதில் சுவரில் முடிந்தது. சுவரையும் தொட்டார். திரும்பி வரும்போது அவர் முகத்தில், பந்தியில் கடைசி இலைக்காரனுக்கும் பாயசம் கிடைத்த திருப்தி.

"நிலா விஷயம் புரியுது" என்றேன். "தெருவைப் பார்க்காதவன் வரைஞ்சது. ஆனா அசலை எங்கே தேடுறது?"

"அதைத்தான் ஊரே தேடுது. தேடட்டும்."

---

நாலு மணிக்கு கேலரியில் கூட்டம். மாமா போனில் கெஞ்சியதால், இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஃபிரேம்காரரோடு வந்திருந்தார். கெஞ்சியதற்குப் பதிலாக அரை மணி நேரம் கொடுத்தார். ஃபிரேம்காரர் ஒல்லியான மனிதர். யாரையும் பார்க்கவில்லை. ஏழாவது படத்தின் மூலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா செல்போனை நீட்டினார். தெரு, பாலம், கம்பம், கண்ணாடி. இன்ஸ்பெக்டர் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இது கற்பனை இல்லையா?"

"இல்ல. ஓவியர் பார்த்ததை வரைஞ்சிருக்கார். நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் இருக்கிறது நிலா இல்ல, இந்தக் கண்ணாடி. உத்துப் பாருங்க, கீழே கம்பிகூட இருக்கு. ஏழாவதுல கம்பி இல்ல, ஒளிவட்டம் இருக்கு. அவர் கண்ணாடியை நிலான்னு நினைக்க முடியாது. அந்தத் தெருவுலயே கடை வெச்சிருக்கிற இவரும் நினைக்க முடியாது. இவர் போலி செஞ்சிருந்தா முதல்ல கண்ணாடியைச் சரியா வெச்சிருப்பார். கேட்டலாக் போட்டோவுலயும் அதே நிலா. அந்த போட்டோ ஃபிரேமுக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எடுத்தது. இதோ அம்மா கையெழுத்து."

கேலரி அம்மாளின் முகம் ஒரு நொடிதான் வெளுத்தது. சமாளிப்பதில் பழக்கப்பட்ட முகம்.

"அப்படின்னா அசல் அதுக்கும் முன்னாடியே திருடு போயிருக்கு! ஐயோ, எங்களையே ஏமாத்தியிருக்காங்க இன்ஸ்பெக்டர். இந்த ஆளே எத்தனையோ தடவை இங்க வந்து போயிருக்கார்."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபிரேம்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, படத்தைப் பத்தி உன் அபிப்பிராயம் என்ன? வாயைத் திற."

காதை நம்ப முடியவில்லை. இருந்தாலும் திரும்பிக் கேட்டு வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள நான் என்ன முட்டாளா?

"நிலாவா சார் இது? சுண்ணாம்பு அடிச்ச பானை மூடி."

"போலிதானே" என்றார் விமர்சகர் நிதானமாக.

"போலின்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா? ஷட்டர் எல்லாம் நோட்டுக்குக் கோடு போட்ட மாதிரி இருக்கு. இருட்டுங்கிற பேர்ல தாரைக் கொட்டியிருக்கான்."

"ம்" என்றார் விமர்சகர். தாடியை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இவன் சின்ன வயசுல ஓவியனாகணும்னு கிளம்பி, எல்லாரும் துரத்திவிட்டு, வேற வேலைக்குப் போனவனா இருப்பான். கை வரல, ஆசை மட்டும் போகல. இந்த ஒளிவட்டத்தைப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல துணியால தேய்ச்சு விட்டிருக்கான். கடை போர்டு எழுதுறவரைக் கூப்பிட்டிருந்தா..."

"துணியா? ஒன்பது அடுக்கு அது! ஒவ்வொரு அடுக்கும் உலர்ந்த பிறகு அடுத்த..."

அவர் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. சுத்தமான விரல்களைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"ஒன்பது அடுக்கா?" என்றார் மாமா மெதுவாக. "எண்ணிப் பார்த்தீங்களா சார், பூசிப் பார்த்தீங்களா?"

பாவம், தான் எழுதியதைத் தானே நம்பிய மனிதர். நிலா என்று எழுதினார், பிறகு நிலாவையே வரைந்தும் விட்டார். மற்ற விமர்சகர்கள் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இன்ஸ்பெக்டர் சட்டென்று போலீஸ்காரர் ஆனார். "அசல் எங்கே? எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க? ரெண்டு பேரும் சொல்லுங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்களால சொல்ல முடியாது சார்" என்றார் மாமா. "அசலே கிடையாது."

"என்னது?"

"ஓவியருக்குக் கண் முன்னாடி இருந்தாத்தான் வரைய வரும். ஒரு கம்பத்துக்கு ஒரு படம். அந்தத் தெருவுல மொத்தம் ஆறு கம்பம். ஆறாவது தாண்டினா மதில் சுவர். தொட்டுப் பார்த்துட்டு வந்தேன். இல்லாத கம்பத்தை அவர் எப்படி வரைவார்? ஆறு படத்தோட அவர் வேலை முடிஞ்சது." அவர் கேலரி அம்மாளைப் பார்த்தார். "மியூசியத்துக்கு ஏழு படம்னு வாக்குக் கொடுத்தது யாரும்மா?"

அம்மாள் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றார். நின்றது மட்டும் இல்லை, நாற்காலியையும் தேடினார்.

"ஏழுன்னு சொன்னாத்தான்... ஓவியர் இன்னொண்ணு வரைவார்னு நம்பி..." விமர்சகரைக் காட்டினார். "வாழ்வின் ஏழு நிலைகள்னு இவர்தான் பத்திரிகையில முன்கூட்டியே எழுதிட்டார்! அச்சாயிடுச்சு!"

"அதான் அச்சுக்கு ஏத்த மாதிரி படத்தை வரைஞ்சுட்டீங்க. மியூசியத்து ஆள் சுரண்டினதும், படத்தைத் தொட்ட வெளியாள் யாருன்னு பார்த்தீங்க. ஒரே ஒருத்தர்தான். அதுவும் 'இது நம்ம தெரு இல்ல'ன்னு ஏற்கெனவே சொல்லித் தொலைச்சவர்." மாமா இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "திருடு போன பொருளே இல்ல சார். திருடனை மட்டும் பிடிச்சு வெச்சிருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். அது மன்னிப்புக்குச் சமானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "நீங்க போகலாம்" என்றார் ஃபிரேம்காரரிடம். மணி நாலு முப்பத்தைந்து. மாமா கடைக்கு போன் போட்டு, "பசையை மூடி வைம்மா, வர்றார்" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். காலையில் இருந்து அடக்கி வைத்தது.

ஃபிரேம்காரர் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஸ்டேஷனில் சோதனை போட்டவர்களின் திறமை அது. ஏழாவது படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஹலோ, என்ன பண்றீங்க?" இன்ஸ்பெக்டர் பதறினார். "அது கேஸ் சொத்து!"

"படம்தான் சார் கேஸ் சொத்து. அதை எடுத்துக்குங்க." நான் கேட்ட அவருடைய முதல் பேச்சு அதுதான். படம் வரைந்த கித்தானை உருவித் தரையில் வைத்தார். நான்கு மூலையும் கோடு தெரியாமல் சேர்ந்த சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஃபிரேம் போலின்னு இன்னும் யாரும் சொல்லல."

சட்டத்துக்கு நடுவே அவர் தலை தெரிய, வாசல் வெயிலில் இறங்கிப் போனார். விமர்சகர் உட்பட அறையில் இருந்த எல்லோரும் தலையைச் சாய்த்துப் பார்த்தோம்.